கூரை இறங்கிய பின், கொத்தனார் வருமுன்

மலைப்பூண்டு பயிரிடும் அங்கத்தினர் ஒருவர் தமது சேமிப்புக் கொட்டகையைப் புதுப்பிக்கக் கடன் கோரியிருந்தார். அதனைப் பார்வையிடும் பொருட்டுப் பூம்பாறைக்குச் சென்றிருந்தேன். கொட்டகையின் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை முழுவதும் இறக்கப்பட்டிருந்தது. முழுத் தகடுகள் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. உடைந்த துண்டுகள் வயலின் வரப்போரம் குவிந்து கிடந்தன. தரையைத் துடைப்பத்தால் பெருக்கிய அடையாளம் தெரிந்தது. பெரியவர் மனநிறைவுடன் கேட்டார்:

"ஐயா, எல்லாம் இறக்கியாயிற்று, கூட்டித் தள்ளியும் ஆயிற்று. நாளைக்குக் கொத்தனாரை வரச் சொல்லிவிடலாமா?"

"நாளைக்கு வேண்டாம், பெரியவரே. நான்கு நாள் பொறுங்கள்" என்றேன்.

அவர் முகம் வாடிற்று. பூண்டு அறுவடை நெருங்குகிறது. கொத்தனாரின் நாள் தவறினால் மறுபடி பிடிப்பது அரிது. அவருடைய அவசரத்தில் நியாயம் இருந்தது. எனினும் பொறுக்குமாறு நான் கூறியதற்கும் காரணம் இருந்தது. அக்காரணத்தை அவருக்குச் சொன்னவாறே, மேல்மலை விவசாயிகளுக்கும் சமவெளி நெசவாளர்களுக்கும் விளங்கும்படி இங்கே எழுத முற்படுகிறேன். பூண்டுக் கொட்டகையாயினும், தறிக்கூடமாயினும், சங்கக் கிடங்காயினும் கேள்வி ஒன்றே. கல்நார்க் கூரையை அகற்றிய இடம் சுத்தமாகிவிட்டது என்று யார், எதைப் பார்த்து, எப்போது சொல்ல வேண்டும்?

கல்நார் என்பது யாது?

ஆஸ்பெஸ்டாஸ் என்று நாம் வழங்குவது ஒருவகைக் கனிமம். கல்லாயினும் நாரைப்போல் பிரியக்கூடியதாதலின் தமிழில் கல்நார் எனப் பெயர் பெற்றது. வெள்ளை, பழுப்பு, நீலம் என மூன்று வகைகள் தொழிலில் பெரிதும் பயன்பட்டன. நம் ஊர்க் கூரைத் தகடுகளில் இருப்பது பெரும்பாலும் வெள்ளைக் கல்நார். தகட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே நார். எஞ்சியது சிமெண்டும் பிற பொருள்களும். சிமெண்டு நாரை இறுகப் பற்றியிருக்கும்வரை அபாயம் குறைவு. தகட்டை உடைத்தாலும், அறுத்தாலும், துளையிட்டாலும், பாசியைச் சுரண்டினாலும் அப்பிடி தளர்ந்து, நார் காற்றில் பறக்கிறது.

அந்நார் கண்ணுக்குப் புலப்படாது. நுண்ணோக்கியின்கீழ் எண்ணப்படும் நாரின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்குக்கும் குறைவு. தலைமயிரோ அதனினும் பல மடங்கு தடித்தது. இத்துணை நுண்ணியதாதலின் அது நுரையீரலின் ஆழம்வரை சென்று தங்கிவிடுகிறது. நுரையீரல் இறுகும் நோய், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் தோன்றும் புற்றுநோய் ஆகியவை இதனால் விளைகின்றன. வெள்ளை உட்பட எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு முடிவு செய்திருக்கிறது. நார் உள்ளே சென்றபின் நோய் வெளிப்பட இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகளும் ஆகலாம். இன்று இருமல் வரவில்லை என்பதால் இன்று தீங்கு நேரவில்லை என்று கொள்வதற்கில்லை.

இதைக் கேட்டு, நல்ல நிலையில் உள்ள கூரையைப் பதறிப்போய்ப் பிரித்தெறிய வேண்டியதில்லை. உடையாத தகட்டை உடைக்காமல் விட்டு வைப்பதே மேல். பிரிக்க வேண்டிய காலம் வந்தால் முறையாகப் பிரிக்க வேண்டும் என்பதே சொல்ல வந்தது.

நம் நாட்டிலும் பிற நாடுகளிலும்

இங்கிலாந்து 1999-லும், ஆஸ்திரேலியா 2003-ஆம் ஆண்டு இறுதியிலும் கல்நாரை முற்றிலும் தடை செய்தன. இலங்கை நீலக் கல்நாரை 1987-இல் தடை செய்தது. வெள்ளைக் கல்நாரையும் 2018 ஜனவரி முதல் கட்டுப்படுத்த எண்ணியிருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, சரக்கில் வண்டு இருந்ததாகக் கூறி இலங்கைத் தேயிலையை நிறுத்தி வைத்தது. அதனையடுத்து இலங்கை தன் கட்டுப்பாட்டை ஒத்திப் போட்டது. கூரைத் தகட்டைப் பற்றிய முடிவு தேயிலைத் தோட்டத்தைத் தொட்ட விதம் இது.

நம் நாட்டில் 1986 முதல் கல்நார்ச் சுரங்கங்களுக்குப் புதிய குத்தகை வழங்குவது நிறுத்தப்பட்டது. ஆயினும் வெளிநாட்டிலிருந்து கல்நாரை வரவழைத்துத் தகடு செய்வது தடை செய்யப்படவில்லை. 1995-இல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் பற்றிய வழக்கில், ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாள் முதல் 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டுமென ஆணையிட்டது. நோய் எவ்வளவு தாமதித்து வரும் என்பதை நீதிமன்றம் எண்ணிப் பார்த்திருக்கிறது என்பதற்கு அந்த 40 ஆண்டுகளே சான்று. கல்நார்க் கழிவை அகற்றும் முறை குறித்து இந்தியத் தர நிர்ணயம் 11768 என்ற எண்ணில் உள்ளது. ஆனால் வீட்டுக் கூரையையோ சிறு கொட்டகையையோ பிரித்தபின் 'இவ்விடம் சுத்தம்' என்று அத்தாட்சி பெற வேண்டுமென்னும் கட்டாயம் இங்கே நடைமுறையில் இல்லை. ஆகவே சட்டம் கேட்காததை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அத்தாட்சியின் நான்கு படிகள்

இங்கிலாந்தில் எளிதில் உதிரும் கல்நாரை அகற்றும்போது, அவ்விடத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் விரிப்பால் அடைப்பு அமைத்து உள்ளே வேலை செய்வர். முடிந்தபின் அத்தாட்சி வழங்குவது நான்கு படிகளில் நடைபெறும்.

முதற்படியில், எதை அகற்ற வேண்டுமென எழுதப்பட்டிருந்ததோ அது முழுவதும் அகற்றப்பட்டதா என்றும், அடைப்பும் சுற்றுப்புறமும் ஒழுங்காக உள்ளனவா என்றும் பார்ப்பர்.

இரண்டாம் படி கண்ணால் காணும் முழுச் சோதனை. பரிசோதகர் அடைப்பினுள் நுழைந்து, விளக்கொளியைத் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்து, விட்டத்தின் மேற்புறம், சுவர் விரிசல், குழாயின் பின்புறம், தரை மூலை என ஒவ்வோர் இடமாகத் தேடுவார். துண்டோ தூசியோ தென்பட்டால் அங்கேயே நிறுத்தி, மீண்டும் சுத்தம் செய்யச் சொல்வார். நான்கு படிகளிலும் மிக முக்கியமானது இதுவே.

மூன்றாம் படி காற்றுப் பரிசோதனை. தரையையும் பரப்புகளையும் வேண்டுமென்றே தூரிகையால் தட்டித் தூசியைக் கிளப்பிவிட்டு, சிறு எந்திரத்தால் குறைந்தது 480 லிட்டர் காற்றை ஒரு வடிதாளின் வழியே இழுப்பர். அத்தாளை நுண்ணோக்கியில் வைத்து 200 கட்டங்களில் நாரை எண்ணுவர். ஒரு மில்லிலிட்டர் காற்றில் 0.01 நாருக்குக் குறைவாக, அதாவது ஒரு லிட்டரில் பத்து நாருக்குக் குறைவாக இருந்தால் தேறியதாகக் கொள்வர். இது துப்புரவு போதுமானதா என்பதற்கான அளவுகோலேயன்றி, அவ்வளவு நாரைச் சுவாசித்தால் தீங்கில்லை என்பதற்கான உறுதிமொழி அன்று.

நான்காம் படியில் அடைப்பைப் பிரித்தபின் மீண்டும் ஒருமுறை பார்ப்பர். விரிப்பின் மடிப்பிலிருந்து உதிர்ந்தது ஏதேனும் உண்டா என்று தேடி, பின்னரே கையெழுத்திடுவர்.

வெளிப்புறச் சிமெண்டுத் தகடுகளுக்கு இந்நான்கும் வேண்டப்படுவதில்லை. அங்கே கண்ணால் காணும் சோதனையே போதுமெனப் பெரும்பாலும் கருதுகின்றனர். ஆஸ்திரேலியாவில் 10 சதுர மீட்டருக்கு மேற்பட்ட சிமெண்டுத் தகட்டை உரிமம் பெற்றவரே அகற்ற வேண்டும். அகற்றியபின் அப்பணியில் பங்குகொள்ளாத தகுதியுள்ளவர் ஒருவர் பார்த்து அத்தாட்சி அளிக்கும்வரை அவ்விடத்தில் எவரும் மீண்டும் குடிபுகலாகாது.

நெசவாளர் அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண நுண்ணோக்கி நாரின் வடிவத்தைத்தான் காட்டும். அது கல்நாரா, பருத்தி நாரா என்று உறுதியாகப் பிரித்துச் சொல்லாது. பஞ்சுத் தூசி நிறைந்த தறிக்கூடத்தில் காற்றை எண்ணினால் கணக்கு ஏறிவிடும். வகையறிய மின்னணு நுண்ணோக்கி தேவைப்படும். ஆகவே தறிக்கூடத்தில் முதலில் பஞ்சையும் தூசியையும் ஈரத் துணியால் முற்றிலும் துடைத்தெடுத்த பிறகே எந்தச் சோதனையும் பயன் தரும்.

எடுப்பவர் வேறு, சான்று கூறுபவர் வேறு

நம் சங்கங்களில் ரொக்கம் வைத்திருப்பவரே கணக்கைத் தணிக்கை செய்வதில்லை. அவர் நேர்மையற்றவர் என்பதாலன்று. தம் கையால் எழுதிய பிழை தம் கண்ணுக்குத் தெரியாது என்பதால். நம் மாநிலத்தில் கூட்டுறவுத் தணிக்கைக்கெனத் தனித்துறையே இருக்கிறது. கூரையை இறக்கியவர் 'சுத்தம்' என்று கூறுவதும் காசாளரே தணிக்கைக் குறிப்பு எழுதுவதும் ஒன்றுதான்.

அகற்றுவது ஒன்று, சுத்தமாவது வேறொன்று என்பதைக் கொடைக்கானல் நன்கறியும். அங்கிருந்த இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையில் கிடந்தது வெளிப்பட்டதே அதற்குக் காரணம். 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றப்பட்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கு அனுப்பப்பட்டது. கண்ணுக்குத் தெரிந்தது போயிற்று. ஆயினும் பாம்பார் சோலையை ஒட்டிய அந்நிலத்தின் மண்ணில் பாதரசம் எஞ்சியது. மண்ணில் எவ்வளவு எஞ்சினால் சுத்தமெனக் கொள்வது என்பதே பெரிய வழக்காயிற்று. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று அளவு வகுக்கப்பட்டது. அது போதாதென ஊராரும் சூழல் ஆர்வலரும் வாதிட்டனர். வழக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றது. சோதனை முறையில் மண்ணைத் துப்புரவு செய்யத் தொடங்கியதே 2017-இல்தான். எதைச் சுத்தம் என்பது, யார் அளப்பது, யார் சரிபார்ப்பது ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே தீர்மானிக்காவிடில் ஆண்டுகள் எவ்வாறு கழியும் என்பதற்கு நம் மலையிலேயே பாடம் இருக்கிறது.

நான் செய்த பிழை

பிறருக்குச் சொல்லுமுன் என் குறையையும் சொல்லுதல் முறை. சில ஆண்டுகளுக்கு முன் சமவெளியில் ஒரு தறிக்கூடத்தின் கல்நார்க் கூரை மாற்றப்பட்டது. செலவுச்சீட்டுகள் சரியாக இருந்தன. புதுக்கூரை பளிச்சென்று இருந்தது. நான் 'பணி நிறைவுற்றது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பின்னொரு நாள் அங்கே குழித்தறி ஒன்றைப் புதிதாகத் தோண்டினார்கள். தரை நிரப்பிய மண்ணிலிருந்து மண்வெட்டிக்கு மண்வெட்டி பழைய தகட்டுத் துண்டுகள் வெளிவந்தன. கூரையை இறக்கியவர்கள் உடைசலைத் தரைக்கு நிரப்பிவிட்டிருக்கிறார்கள். அருகிலிருந்த பழைய தறிக்குழிகளைப் பார்த்தேன். கூடத்தில் தாழ்ந்த இடம் அதுதானே. கூரையிலிருந்து உதிர்ந்த தூசியெல்லாம் அங்கே படிந்திருந்தது. அந்தக் குழியில் கால் வைத்துத்தான் நெசவாளர் நாள் முழுதும் மிதிபலகையை மிதிக்கிறார். நான் சீட்டைப் பார்த்தேனே தவிரக் குழியைப் பார்க்கவில்லை.

புதுத்தளமும் பூச்சும் வந்துவிட்டால் அடியிலுள்ளது மறைந்துபோகும்; போய்விடாது. அடுத்து எப்போது யார் தோண்டினாலும், துளையிட்டாலும் அது மீண்டும் வெளிப்படும். அதனாலேயே சோதனை கூரை இறங்கிய பின்னும், கொத்தனார் வருமுன்னும் நடைபெற வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. வேலையைத் தொடங்குமுன்னரே எத்தனை தகடுகள், எந்த இடம், யார் இறக்குவது, யார் பார்ப்பது, கழிவு எங்கே போவது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுக. மாவட்டத்திலுள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தை முன்கூட்டியே கலந்துகொள்க. கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அனுமதி பெற்ற அபாயக் கழிவுக் கிடங்கே கல்நார்க் கழிவுக்கு உரிய இடம்.

2. தகட்டின் மேல் ஏறி நடக்கலாகாது. பழந்தகடு பாரம் தாங்காது உடைந்து, கீழே விழுந்து மாண்டவர் பலர். பலகையிட்டு, பிடிமானம் அமைத்து வேலை செய்க.

3. தகட்டை நனைத்த பின்னரே தொடுக. கொக்கி ஆணியைக் கழற்றுக அல்லது ஆணியை வெட்டுக, தகட்டை வெட்டலாகாது. மேலிருந்து எறியாமல் கையால் இறக்குக. வாயில் துண்டு கட்டிக்கொள்வது பயனற்றது. நுண்தூசியை வடிகட்டும் முகமூடி வேண்டும். பிள்ளைகளும் வேலையில் இல்லாதவர்களும் அப்பால் இருக்கட்டும்.

4. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கலாகாது. ஈரத் துணியால் துடைத்து, துணியையும் கழிவோடு கட்டிவிடுக. வேலை உடையை உதறாமல் தனியே நனைத்துத் துவைக்க வேண்டும். அத்தண்ணீர் ஓடையிலோ கிணற்றிலோ சேரலாகாது. கணவன் உடையைத் துவைத்த மனைவியருக்கும் இந்நோய் வந்தது உலகறிந்த செய்தி.

5. துண்டுகளையும் தகடுகளையும் தடித்த பாலிதீன் தாளில் இருமடியாகச் சுற்றி ஒட்டி, 'கல்நார், உடைக்காதீர்' என்று எழுதுக. மாட்டுக் கொட்டகைக்கென்றும், கோழிக் கூண்டுக்கென்றும் அண்டை அயலாருக்குக் கொடுப்பது உபகாரமன்று. தரை நிரப்பவும் பயன்படுத்தலாகாது.

6. இறக்கும் பணியில் சேராத இருவர், அவர்களுள் ஒருவர் கட்டட வேலை அறிந்தவராக, பகலொளியிலும் கைவிளக்கின் சாய்வொளியிலும் இடத்தைப் பார்வையிடுக. விட்டம், சுவர்த் தலைப்பு, தண்ணீர் வடியும் தகரத் தொட்டி, தாழ்வாரத்துக்கு நேர்கீழே சொட்டுநீர் விழும் மண்கோடு, தறிக்குழி, பரண் ஆகிய இடங்களை விட்டுவிடலாகாது. பல்லாண்டு மழையில் அரித்த நார் தகரத் தொட்டியின் வண்டலிலும் சொட்டுமண்ணிலும் சேர்ந்திருக்கும்.

7. அத்தாட்சியில் தேதியும், இடத்தின் வரைபடமும், அகற்றிய தகடுகளின் எண்ணிக்கையும், பார்த்த இடங்களும், பார்க்க இயலாத இடங்களும் எழுதப்பட வேண்டும். காற்றுப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் அளவும் வேண்டும். எழுதியவர் பெயரும் கையெழுத்தும் இன்றியமையாதவை. அது அந்நாளுக்கும் அவ்விடத்துக்கும் மட்டுமே சான்று. கட்டடத்தில் வேறெங்கும் கல்நார் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

8. கூரை இறக்கியவருக்குரிய கடைசித் தொகையையும், கட்டட வேலைக்குரிய கடன் தவணையையும் இவ்வத்தாட்சி வந்த பிறகே வழங்குவது என நிர்வாகக் குழு தீர்மானிக்கலாம். பணம் நிற்கும் இடத்தில் கவனமும் நிற்கும்.

பூம்பாறைப் பெரியவர் நான்கு நாள் பொறுத்தார். முதல் நாள் குவியலை நனைத்துச் சுற்றிக் கட்டினார்கள். இரண்டாம் நாள் தரையையும் விட்டங்களையும் ஈரத் துணியால் துடைத்தார்கள். மூன்றாம் நாள் அயல்வீட்டு விவசாயியும், அவ்வூர்த் தச்சர் ஒருவரும் கைவிளக்குடன் தேடினார்கள். 'கூட்டித் தள்ளியாயிற்று' என்று சொல்லப்பட்ட இடத்திலிருந்து இரண்டு வாளித் துண்டுகள் கிடைத்தன. பெரும்பகுதி தாழ்வாரத்து மண்ணில் இருந்தது; சிறிது, பூண்டுக் கட்டுகளைத் தொங்கவிடும் பரணின் மேல் இருந்தது. அந்தப் பரணின்கீழ்தான் பெரியவரின் பேரப்பிள்ளைகள் மழைக்காலம் முழுவதும் விளையாடுவது வழக்கம் என்று அவர் மனைவி சொன்னார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. தாழ்வாரத்து மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு நனைத்து வெட்டியெடுத்துத் தாமே கட்டி வைத்தார்.

ஐந்தாம் நாள் கொத்தனார் வந்தார். அத்தாட்சித் தாளின் ஒரு படியைக் கடன் கோப்பில் சேர்த்திருக்கிறேன். மற்றொன்று அவர் வீட்டு நிலப்பட்டாவோடு இருக்கிறது. இருபது ஆண்டு கழித்து அக்கொட்டகையில் கடப்பாறை போடுகிறவர் அதைப் படித்துப் பார்த்துக்கொள்ளலாம்.